எத்தனை யானை, எந்த யானை?

2014 மே மாதம் அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்திலிருந்து ஒரு செய்தி உலகப் பத்திரிகைகளுக்குப் போனது. பண்ணை ஒன்றில் தோண்டியெடுத்த எலும்புகள், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதொன்றினுடையவை. எடை 77 டன். அதாவது 14 ஆப்பிரிக்க யானைகள். அதே ஆண்டு செப்டம்பரில் ட்ரெட்னாட்டஸ் என்ற இன்னொரு அர்ஜென்டின டைனோசர் அறிமுகமானது. அதற்கு 59.3 டன், ஒரு டஜன் ஆப்பிரிக்க யானைகள். 2016 ஜனவரியில் முதல் விலங்கின் வார்ப்பை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அப்போது சொன்ன கணக்கு 70 டன், 10 ஆப்பிரிக்க யானைகள்.

வகுத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். மே மாதத்து யானை ஐந்தரை டன். செப்டம்பர் யானை இளைத்து 5 டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. நியூயார்க் யானையோ, அமெரிக்க டன் 907 கிலோதான் என்பதைக் கழித்த பிறகும், 6.3 டன்னைத் தாண்டுகிறது. இரண்டே ஆண்டுகளில் ஒன்றரை டன் வரை ஏறி இறங்கும் எடைக்கல்லை எந்தச் சந்தையிலும் அனுமதிக்க மாட்டார்கள். புதைபடிவச் செய்திகளில் அது தாராளமாக ஓடுகிறது.

பேருந்து, வாழைப்பழம், பத்து மாடிக் கட்டடம், யானை என்று நீளும் இந்தச் செல்ல அளவைகளைக் கேலி செய்வது சுலபம். அறிவியலாளர்களே அவற்றை வைத்து விளையாடுகிறார்கள். ஆனால் கேலியோடு நின்றுவிட்டால் விஷயம் தப்பிவிடும். யானையை அளவுகோலாக்கியதில் பிழை இல்லை என்பதே என் கட்சி. எந்த யானை என்று சொல்லாமல் விடுவதும், விலங்கில் எவ்வளவு கிடைத்தது என்பதை யானைக்குப் பின்னால் மறைப்பதும்தான் பிழை.

முன்னோர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். 1824 பிப்ரவரி 20 அன்று லண்டன் நிலவியல் சங்கத்தில் வில்லியம் பக்லண்ட் மெகலோசாரஸைப் பற்றிப் பேசினார். அறிவியல் பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் குவியேவின் கணக்கை ஒட்டி அதன் நீளம் 40 அடிக்கு மேல் என்றார். பருமனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் யானை. ஆனால் வெறும் யானை அல்ல, 7 அடி உயரமுள்ள யானை. டைனோசர் ஆராய்ச்சியின் முதல் கட்டுரையிலேயே யானை வந்துவிட்டது, உயரச் சான்றிதழோடு. அந்தச் சான்றிதழ் எந்தப் பத்தாண்டில் தொலைந்தது என்று தேடினால் ஒரு முனைவர் பட்டமே வாங்கிவிடலாம்.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1677இல், ராபர்ட் பிளாட் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிடைத்த ஒரு பெரிய தொடையெலும்பின் முனையை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். ரோமானியர் கொண்டுவந்த யானையாக இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு. நல்லவேளையாக 1676இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு யானையைக் காட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எலும்பு அதனோடு ஒத்துப்போகவில்லை. யானை இல்லை என்று சரியாகத் தீர்மானித்தவர், அப்படியென்றால் ராட்சத மனிதன்தான் என்று முடித்துவிட்டார். பாதி வழி சரியாக நடந்து மீதி வழியில் குழியில் விழுந்த ஆய்வுகளுக்கு இது நல்ல உதாரணம். இருந்தாலும், அளவுகோலை நேரில் பார்த்து ஒப்பிட்டவர் என்ற மரியாதை பிளாட்டுக்கு உண்டு.

கிடியன் மாண்டெல் எடுத்த அளவுகோல் யானையைவிட மிகச் சிறியது. அவர் கையில் இருந்தவை பற்கள். இகுவானா என்னும் அமெரிக்க ஓணானின் பல்லைப் போலவே இருந்தன, ஆனால் பல மடங்கு பெரியவை. பல் எத்தனை மடங்கோ உடலும் அத்தனை மடங்கு என்று பெருக்கினார். 1825இல் இகுவானோடான் 60 அடி நீள ஓணானாகப் பிறந்தது. பிறகு வந்த ரிச்சர்ட் ஓவன் முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டி 28 அடிக்குக் குறைத்தார். இன்றைய கணக்கு சுமார் 10 மீட்டர், அதாவது 33 அடி. ஓவனே உண்மைக்கு அருகில் நின்றார். மாண்டெலின் தவறு கணக்கில் இல்லை. பல் வளரும் விகிதத்திலேயே வாலும் வளரும் என்ற நம்பிக்கையில் இருந்தது. அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை. ஒற்றை எலும்பிலிருந்து முழு விலங்கைப் பெருக்கும் ஒவ்வொரு செய்தியிலும் அந்த ஓணான் எட்டிப் பார்க்கிறது.

கொள்ளளவை அளக்கவும் ஒரு விசித்திரமான வழி இருந்தது. 1853 டிசம்பர் 31 இரவு, கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் செய்துகொண்டிருந்த இகுவானோடான் சிலையின் அச்சுக்குள் விருந்து நடந்தது. ஏறத்தாழ 20 பேர் பங்கேற்றார்கள். ஓவனுக்குத் தலைமை இடம். இத்தனை பேர் இலை போட்டு உட்காரக்கூடிய வயிறு என்பதைவிட வாசகனுக்கு விளங்கும் அளவை வேறு இருக்கிறதா? ஆனால் அளந்தது விலங்கை அல்ல, சிற்பத்தை. அந்தச் சிற்பம் இகுவானோடானைக் கொழுத்த காண்டாமிருகமாக நினைத்துச் செய்தது. கட்டைவிரல் முள்ளை மூக்கின் மேல் கொம்பாக வைத்திருந்தார்கள்.

அமெரிக்கா கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. 1898 டிசம்பரில் நியூயார்க் ஜர்னல் பத்திரிகை, வயோமிங்கில் கிடைத்த ஒரு பிரான்டோசாரஸ் பின்னங்காலில் நின்று பதினோராம் மாடி ஜன்னலை எட்டிப் பார்ப்பதாகப் படம் போட்டது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பிட்ஸ்பர்க்கில் தன் அருங்காட்சியகத்துக்கு அதை வாங்கச் சொன்னார். ஆட்கள் போனார்கள். பத்திரிகையில் நின்ற விலங்குக்கு ஆதாரமாக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. விடாமல் தேடி 1899 ஜூலையில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டிப்ளோடோகஸ் கார்னெகி. 1905இல் லண்டனுக்குப் போன அதன் வார்ப்புக்கு டிப்பி என்று செல்லப்பெயர். பொய்யான அளவுகோல் ஒன்று உண்மையான எலும்புக்கூட்டைத் தேடித் தந்தது. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இது தோதாக இல்லை, ஆனாலும் நடந்தது அதுதான்.

மனிதனே அளவுகோலாகப் படுத்த கதையும் உண்டு. 1900இல் கொலராடோவில் எல்மர் ரிக்ஸ் குழு பிராக்கியோசாரஸைத் தோண்டியபோது கிடைத்த மேற்கை எலும்பின் நீளம் 204 சென்டிமீட்டர். உதவியாளர் மென்கே அதன் பக்கத்தில் நீட்டிப் படுக்க, படம் எடுத்தார்கள். நூறாண்டு கழித்து சுபுட்டில் 2.38 மீட்டர் தொடையெலும்பின் பக்கத்தில் இன்னொருவர் அதே போலப் படுத்தார். உலகமே பார்த்த படம் அது. இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். படுத்த ஆள் எலும்பைத்தான் அளக்கிறார். கிடைக்காத வாலையும் கழுத்தையும் பற்றி வாய் திறப்பதில்லை.

பழங்களுக்கு வருவோம். டைரனோசாரஸ் ரெக்ஸின் பல்லை வாழைப்பழத்தோடு ஒப்பிடுவது அருங்காட்சியக வழிகாட்டிகளின் மனப்பாடம். வேரோடு சேர்த்தால் பெரிய பல் 30 சென்டிமீட்டர் வரை போகும். ஈறுக்கு வெளியே தெரிவது அதில் பாதிதான். அமெரிக்கக் கடையில் கிடைப்பது ஒரே மாதிரிப் பழம் என்பதால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஏலக்கியும் நேந்திரனும் ஒரே கடையில் தொங்கும் ஊரில் இந்த அளவையை மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்டெகோசாரஸின் மூளை வால்நட் அளவு என்பதும் இதே ரகம். அது ஏறத்தாழ 80 கிராம். வால்நட் அவ்வளவு கனக்காது. ஆனால் முட்டாள் டைனோசர் என்ற கதைக்கு வால்நட்தான் பொருத்தம், அதனால் அது நிலைத்துவிட்டது.

பேருந்துதான் இந்த வகையில் அரசன். லண்டனின் பழைய ரூட்மாஸ்டர் இரட்டை அடுக்குப் பேருந்து 8.4 மீட்டர், 2012இல் வந்த புதியது 11.2 மீட்டர். அதே டைனோசர் எந்தப் பேருந்தில் ஏறியது என்பதைப் பொறுத்து முக்கால் பங்காகச் சுருங்கிவிடும். 2009இல் கொலம்பியாவின் செர்ரஹோன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த டைட்டனோபோவா பாம்பு பள்ளிப் பேருந்து நீளம் என்று அமெரிக்கச் செய்திகள் எழுதின. ஆய்வுக் கட்டுரை சொன்னது 12.8 மீட்டர், கூட்டல் கழித்தல் 2.18 மீட்டர். 2024இல் ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் குஜராத்தின் கட்ச் பகுதி, பனந்த்ரோ லிக்னைட் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளைக் கொண்டு வாசுகி இண்டிகஸ் என்ற பாம்பை விவரித்தார்கள். நீளத்துக்கு இரண்டு முறைகளில் இரண்டு விடைகள்: ஒன்றில் 10.9 முதல் 12.2 மீட்டர், மற்றதில் 14.5 முதல் 15.2 மீட்டர். ஆய்வாளர்கள் இரண்டையும் வெளிப்படையாகவே தந்தார்கள். தலைப்புச் செய்தியில் ஏறியது 15தான். பேருந்துக்கு ‘ஏறத்தாழ’ என்று ஒன்று கிடையாதே. அது தொழிற்சாலையிலிருந்து முழுசாக வந்தது. பாம்பு 27 துண்டுகளாக வந்தது.

பேருந்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நீளத்தை மட்டுமே பேசும். டிப்ளோடோகஸ் 26 மீட்டர், அதில் பெரும்பகுதி சாட்டை போன்ற வாலும் கழுத்தும். பெர்லினில் நிற்கும் ஜிராஃபடைட்டன் அதைவிட 3 மீட்டருக்கு மேல் குட்டை, ஆனால் எடையில் மிகத் தூக்கல். பேருந்துக் கணக்கில் ஒல்லியான விலங்குதான் ஜெயிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் அதே வடிவில் எடை எட்டு மடங்காகும் என்பதால், நீளத்தில் நுழையும் சின்னப் பிழை எடையில் மூன்று முறை பெருகிக்கொள்ளும். ஆனால் செய்தி எழுதுவோர் நீளத்துக்குப் பேருந்தையும் எடைக்கு யானையையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். வாசகன் மனதில் பேருந்துக்குள் யானைகள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

சரி, செல்ல அளவைகளை ஒதுக்கிவிட்டுச் சுத்தமான டன்னுக்குப் போனால் நிம்மதி கிடைக்குமா? அந்த ஜிராஃபடைட்டனையே எடுத்துக்கொள்வோம். தான்சானியாவின் டெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை தோண்டிய எலும்புகள். 1962இல் எட்வின் கோல்பர்ட் அதன் சிறிய மாதிரியை மணல் பெட்டியில் புதைத்துக் கொள்ளளவு பார்த்தார். விடை 78 டன். 1980களில் மெக்நீல் அலெக்சாண்டர் அருங்காட்சியகக் கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மையை நீரில் அமிழ்த்தினார், 46.6 டன். 1995இல் ஹான்ஸ்-கிறிஸ்டியன் குங்காவின் குழு 74 டன் என்றது. அதே குழு 2008இல் 38 டன் என்று திருத்திக்கொண்டது. 2012இல் வில்லியம் செல்லர்ஸ் குழு எலும்புக்கூட்டை லேசரால் அளந்து, இறுக்கமான உறையைப் போர்த்தி, இன்றைய விலங்குகளில் உறைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கியது, 23 டன். எலும்புகள் அவையேதான். விடைகளில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். பொம்மைக்குத் தொப்பை வைத்த சிற்பியின் மனநிலைகூட இந்தக் கணக்கில் ஒரு மாறி.

பின்னால் வந்தவர்கள் மேலே இருந்தவர்களை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. கை, கால் எலும்புகளின் சுற்றளவுக்கும் எடைக்கும் உள்ள உறவை வைத்துக் கணக்கிடுவது ஒரு வழி. உடலை எலும்புக்கூட்டின் மேல் கட்டியெழுப்பிக் கொள்ளளவு பார்ப்பது இன்னொரு வழி. முதல் வழிக்கு ஒரு தொடையும் ஒரு கையும் போதும்; ஆனால் கணிசமான பிழை வரம்பு உண்டு. இரண்டாவதற்கு ஏறக்குறைய முழு எலும்புக்கூடு வேண்டும். பெரிய டைனோசர்களில் அது கிடைப்பது அபூர்வம். ட்ரெட்னாட்டஸின் 59.3 டன் முதல் வழியில் வந்தது. அடுத்த ஆண்டே கார்ல் பேட்ஸ் குழு இரண்டாவது வழியில் பார்த்து 22 முதல் 38 டன்னுக்குள் என்றது. ஒரு டஜன் யானைகளில் நாலு முதல் எட்டு வரைதான் தொழுவத்தில் நின்றன. சுபுட் விலங்கு 2017இல் படகோடைட்டன் என்று பெயர் பெற்றபோது 77 டன் 69 ஆகியிருந்தது. 2020இல் 57 டன் என்ற மதிப்பீடும் வந்தது. இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆசிய ஆண் யானை சுமார் 4 டன். ஆப்பிரிக்காவிலிருந்து முதுமலைக்கு யானையை மாற்றிக்கொண்டால், 20 டன் இழந்த பிறகும் ‘14 யானைகள்’ என்ற தலைப்பை ஒரு எழுத்துகூட மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.

உயிரோடு இருக்கும் விலங்கிலேயே இந்தக் கூத்து நடக்கும்போது புதைபடிவத்தைக் குறை சொல்வானேன். நீலத்திமிங்கலத்தின் இதயம் கார் அளவு என்று தலைமுறைகளாக எழுதிவந்தோம். 2014இல் கனடாவில் கரையொதுங்கிய ஒன்றின் இதயத்தை டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் எடுத்துப் பதப்படுத்தியது. எடை சுமார் 180 கிலோ. மோட்டார் சைக்கிள் என்று எழுதியிருக்கலாம்.

இனி, வேண்டுமென்றே கேலிக்காகப் படைத்த அளவைகள். 1958 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள், சார்லஸ் ஆற்றின் ஹார்வர்டு பாலத்தை ஆலிவர் ஸ்மூட் என்ற சக மாணவரைப் படுக்கவைத்துப் படுக்கவைத்து அளந்தார்கள். அவர் உயரம் 5 அடி 7 அங்குலம். பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூட்டல் கழித்தல் ஒரு காது. பாலத்தில் அந்தக் குறிகள் இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் ஸ்மூட் அமெரிக்க தேசியத் தர நிறுவனத்தின் தலைவராகவும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் தலைவராகவும் ஆனார். கதை எழுதுபவர் இப்படி முடித்தால் நம்ப மாட்டோம். பிரிட்டனின் தி ரெஜிஸ்டர் என்ற தொழில்நுட்பச் செய்தி இதழ், பத்திரிகைகளின் பேருந்து மோகத்தைக் கிண்டல் செய்து தனக்கென ஓர் அளவை முறையை உருவாக்கியது. அதில் நீளத்துக்கு லிங்குவினி, அதாவது ஒரு பாஸ்தா இழை: 14 சென்டிமீட்டர்.

இந்த விளையாட்டு அளவைகளைப் புதைபடிவத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஆச்சரியம். டிப்ளோடோகஸ் 186 லிங்குவினி. படகோடைட்டனின் தொடையெலும்பு 1.4 ஸ்மூட். இரண்டையும் யார் வேண்டுமானாலும் திரும்ப மீட்டருக்கு மாற்றிச் சரிபார்க்கலாம். 14 யானையை அப்படி மாற்ற முடியாது. கேலிக்குப் பிறந்த அளவைகள் தங்களை வரையறுத்துக்கொண்டே பிறந்தன. ஸ்மூட் தன் பிழையையும் காதோடு சேர்த்தே சொன்னார். தீவிர முகத்தோடு வரும் பேருந்துக்கும் யானைக்கும்தான் வரையறை இல்லை.

களப் படங்களில் அளவுக்காக வைக்கும் பொருள்களிலும் இதே சிக்கல் உண்டு. சுத்தியல், லென்ஸ் மூடி, பேனா, நாணயம் எல்லாம் நிலவியலாளர் கைக்கு வரும் அளவுகோல்கள். இந்திய ஒரு ரூபாய் நாணயம் 1990களில் 25 மில்லிமீட்டர் விட்டம். 2011இல் வந்தது 22. ஆண்டு தெரியாத நாணயத்தின் பக்கத்தில் கிடக்கும் பல், எட்டில் ஒரு பங்கு கூடவோ குறையவோ செய்யும். ஒரு சின்ன அளவுப்பட்டை போதும், ஆனால் அதைத்தான் வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள்.

இந்தக் கேள்வி முழுவதும் ஒரே இடத்தில் வந்து குவிவது நம் அரியலூர்ப் பக்கத்தில்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் கல்லமேடு படிவுகளிலிருந்து ஒரு டைனோசரை விவரித்து, புருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து வலுப்பெற்றது. கிடைத்தவை இடுப்பு, தொடை, கீழ்க்கால், முன்கை எலும்புப் பகுதிகளும் ஒரு வால் முள்ளெலும்பும்தான். கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவானது. அர்ஜென்டினாவின் இன்னொரு ராட்சத டைனோசரான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். இந்த ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்வலர்கள் உலகின் மிகப் பெரிய நிலவிலங்கு என்ற பட்டத்தைக் கட்டினார்கள்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையும் களிமண்ணும் சேர்ந்து நொறுக்கிவிட்டன. அது எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால் 1987இல் அர்ஜென்டினோசாரஸின் எலும்பைத் தன் நிலத்தில் முதலில் பார்த்த பண்ணைக்காரர் அதைக் கல்மரம் என்றுதான் நினைத்தார். அங்கே மரம் எலும்பாயிற்று. இங்கே எலும்பு மரமாகிவிடப் பார்த்தது. 2022இல் பாலும் அய்யாசாமியும் அகழ்வின்போது எடுத்த பழைய படங்களை வெளியிட்ட பிறகு, எலும்புதான் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. 1878இல் எட்வர்ட் கோப் விவரித்த, பின்னர் தொலைந்துபோன ஆம்ஃபிசீலியஸ் என்ற டைனோசரின் முள்ளெலும்பின் கதியும் இதேதான்: எலும்பு போய்விட்டது, வரைபடம் நின்றது. அதை வைத்து ஒரு காலத்தில் 58 மீட்டர் என்றார்கள். 2018இல் வேறு வகைக்கு மாற்றிப் பார்த்தபோது 30 மீட்டர் பக்கத்தில் வந்து நின்றது.

2023இல் கிரிகரி பாலும் (இவர் வேறொரு பால்) லராமெண்டியும் கல்லமேட்டு விலங்குக்கு 110 முதல் 170 டன் என்று மதிப்பிட்டார்கள். மேல் எண்ணை எடுத்தால் அது பெரிய நீலத்திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 6 டன் ஆப்பிரிக்க ஆண் யானையை வைத்துக்கொண்டால் கீழ்க்கணக்கில் 18 யானை, மேல்கணக்கில் 28. இரண்டுக்கும் இடையில் மட்டும் 10 யானை நிற்கிறது. ஸ்மூட்டுக்கு ஒரு காது போதுமாயிருந்த இடம் அது. நாளை தமிழ்ப் பத்திரிகை எதுவும் இந்த விலங்கைப் பற்றி எழுதினால் 28ஐத் தலைப்பில் போடாமல் இருக்க மாட்டார்கள். போடட்டும். கீழே சின்ன எழுத்தில், யானை ஒன்றுக்கு 6 டன், எலும்பு இப்போது கைவசம் இல்லை என்று மட்டும் சேர்த்தால் பக்லண்டின் 7 அடி யானைக்கு நிகரான நாணயம் அதில் இருக்கும்.